நூற்றுப் பத்தொன்பதாம் வீடு

உங்களிடமும் போனைக் கேட்டார்களா தங்கச்சி? கொடுத்துவிட்டீர்களா? சரி, கொடுத்தாயிற்று. இனி என்ன செய்ய.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். நான் காலை நீட்டித்தான் வைக்க வேண்டும். கட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆறிக்கொண்டுதான் வருகிறது.

அந்தக் கண்ணாடி அறைக்குள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாரே, தலையில் முக்காடு போட்டவர், அவர்தான் டாக்டர் நஸீமா. மேலப்பாளையத்துக்காரர். டாக்டர் என்று பேர்தான். கழுத்தில் குழாய் கிடையாது. கையில் ஊசி கிடையாது. நாக்கை நீட்டு என்று சொல்ல மாட்டார். நோயாளியை வீட்டில் இருக்கவைத்து போன் வழியாகக் கவனிக்கிற பிரிவு ஒன்று இந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்திருக்கிறார்கள் இல்லையா, அதற்கு அவர்தான் தலைமை. உங்கள் போனில் இப்போது ஒரு ஆப் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களே, நாளைக் காலையிலிருந்து அதில் கேள்வி வரும். அந்தக் கேள்வியெல்லாம் அவர் எழுதி வைத்தது. மருந்து எழுதுகிற டாக்டரைத் தெரியும், அறுக்கிற டாக்டரைத் தெரியும். கேள்வி எழுதுகிற டாக்டரை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நான் கேள்விப்பட்டதில்லை.

நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. என் பெயர் செல்லக்கனி. பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறேன். ஒருத்தரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக என் வாயில் வந்தது கிடையாது. அந்த டாக்டரம்மாவைப் பற்றியும் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆகஸ்டில் என் மகன் கிங்ஸ்லி சென்னையிலிருந்து வந்தான். எனக்குச் சுகர் பதினாலு வருஷமாக இருக்கிறது. அவங்க அப்பா போனபிறகு நான் வீட்டில் தனி ஆள். "எம்மா, நீ அங்க, நாங்க இங்க. என்ன ஏதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லி என்னை இங்கே கூட்டிவந்து இந்த ஆப்பில் சேர்த்துவிட்டான். விரலில் குத்திச் சுகர் பார்க்கிற மிஷின் ஒன்றும் வாங்கித் தந்தான். ஆப்பில் ‘குடும்பம்’ என்று ஒரு இடம். அதில் அவன் நம்பரையும், கோயம்புத்தூரில் இருக்கிற என் மகள் பியூலா நம்பரையும் போட்டான். போடட்டுமா என்று என்னைக் கேட்டானா? கேட்கவில்லை. அந்த டாக்டரம்மாவாவது கேட்டாரா? பக்கத்தில்தான் நின்றார். அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. நான் இன்னும் காபி குடிக்கவில்லை. போனில் டிங் என்று ஒரு சத்தம். ‘வணக்கம் செல்லக்கனி அம்மா. இன்று வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு எவ்வளவு?’ அதற்குக் கீழே, ‘பாதத்தில் புண், கொப்புளம் உண்டா? ஆம், இல்லை.’ நான் எழுந்துவிட்டது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? பதில் போடாமல் வைத்துப் பார்த்தேன். ஏழு மணிக்குத் திரும்பவும் வருகிறது. ‘இன்னும் உங்கள் பதில் வரவில்லை அம்மா.’ நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், செத்தாயா பிழைத்தாயா என்று இப்படிக் கேட்டதில்லை. முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டால் சந்தேகம் வராதா? உங்களுக்கு வராதா?

ஆனாலும் முதல் மூன்று மாதம் நான் உள்ளதை உள்ளபடிதான் போட்டேன். நூற்றெண்பது, இருநூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூறு. இருநூறைத் தாண்டிவிட்டால் அந்த எண் சிவப்பாகிவிடும். என் போனில் சிவப்பானால் சென்னையிலும் சிவப்பு, கோயம்புத்தூரிலும் சிவப்பு. ஆறரைக்கு மகன் கூப்பிடுவான். "என்னம்மா தின்ன?" ஆறே முக்காலுக்கு மகள். "என்னம்மா தின்னன்னு அண்ணன் கேட்டானாமே, என்ன தின்ன?" ஒரு தோசையைப் பற்றி இரண்டு ஊரிலிருந்து விசாரணை.

நவம்பரில் எங்கள் சபையில் அசனம். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. ஐயாயிரம் பேர் சாப்பிடுகிற இடத்தில் நான் மட்டும் இரண்டு சப்பாத்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? அது ஆண்டவருடைய பந்தி. சாப்பிட்டேன். மறுநாள் காலை இருநூற்று அறுபத்து மூன்று. போட்டேன், ஒளிக்கவில்லை. சிவப்பு.

மகன் அன்று கத்தவில்லை. அமைதியாகப் பேசினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எம்மா, இதுதான் கடைசி. இன்னொரு தடவ இருநூறத் தாண்டட்டும், நான் கார் எடுத்துட்டு வந்து வீட்டப் பூட்டி உன்னய கூட்டிட்டு வந்துருவேன். நீ அழுதாலும் சரி, உபவாசம் இருந்தாலும் சரி."

என் மகன் நல்ல பிள்ளை. சொன்னால் செய்கிறவன்.

சென்னையில் அவன் வீடு பதினோராவது மாடியில். ஒரு தடவை ஒரு மாதம் இருந்து பார்த்தேன். மருமகள் தங்கமானவள், குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை டிவியில். காணிக்கை போடக்கூட டிவித் திரையில் போனைக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன், "வாசல்ல ஷூ வச்சிருக்காங்கம்மா, ஆள் இருக்கணும்" என்றான். நான் யாருக்காக ஜெபிக்க? அந்த ஷூவுக்கா?

இங்கே எனக்கு ஐம்பது வீடு இருக்கிறது தங்கச்சி. எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு நம்பர் உண்டு. நூற்றொன்று முதல் நூற்றைம்பது வரை என் பொறுப்பு. தினம் ஒரு வீட்டின் பேரைச் சொல்லி அதிகாலையில் முழங்கால் போடுவேன். யாருக்குக் கடன், யாருக்குக் கரு தங்கவில்லை, எந்த வீட்டில் பையன் குடிக்கிறான், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் சொன்னால் வெளியே போகாது என்று எல்லோருக்கும் தெரியும். நானும் யாரிடமும் சொன்னதில்லை. உதாரணத்துக்கு நூற்றுப் பத்தொன்பதாம் வீடு. தங்கராஜ், பால்துரை என்று அண்ணன் தம்பி, ஒரே காம்பவுண்டு, பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மா கல்லறைக் கல்லில் யார் பேரை முதலில் வெட்டுவது என்று சண்டை. மூத்தவன் நான்தான் மூத்தவன் என்கிறான். இளையவன் நான்தான் கடைசி வரைக்கும் பார்த்தேன் என்கிறான். இன்று வரைக்கும் அந்தக் கல்லில் ஒரு எழுத்து கிடையாது. இதெல்லாம் என் நோட்டோடு இருக்கும். உங்களிடம் சொல்வதால் ஒன்றுமில்லை, நீங்கள் எங்கள் சபை இல்லையே.

இந்த ஐம்பது வீட்டையும் விட்டுவிட்டுப் பதினோராவது மாடியில் போய் நான் என்ன செய்ய? அந்த ஒரே பயம்தான் எனக்கு. சாவுக்குப் பயமில்லை.

மகன் அப்படிச் சொன்ன நாலாவது நாள். ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தொன்று. போன் டிங் என்கிறது. எவ்வளவு, எவ்வளவு என்று கேட்கிறது. ஆண்டவரே, நீரே வழி காட்டும் என்று கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தால் முன்னால் என் ஜெப நோட்டு விரிந்து கிடக்கிறது. அன்றைய வீடு நூற்றுப் பன்னிரண்டு. விரல் தானாகப் போய் நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டது. பச்சை. ஒரு பூப் படம். ‘மிக நன்று, செல்லக்கனி அம்மா.’

யோசித்துப் பாருங்கள். சுகர் டாக்டர் என்ன சொல்லியிருந்தார்? உங்கள் வயதுக்கு வெறும் வயிற்றில் நூறிலிருந்து நூற்றைம்பதுக்குள் இருந்தால் போதும் என்றார். என் பொறுப்பு நூற்றொன்றிலிருந்து நூற்றைம்பது. இதைத் தற்செயல் என்று சொல்ல நான் ஆளில்லை.

மறுநாள் நூற்றுப் பதின்மூன்று. அதற்கு மறுநாள் பதினான்கு. விரலில் குத்துவதையும் விட்டுவிட்டேன், எதற்கு வீணாக இரத்தம். பொய் சொன்னாய் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பொய் சொல்கிறவள் இல்லை. என்னிடம் ஒரு மனுஷர் வந்து முகத்தைப் பார்த்து, செல்லக்கனி, உன் சுகர் எவ்வளவு என்று கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கேட்டது போன். அதற்கு நான் ஒரு நம்பர் கொடுத்தேன். அதுவும் ஜெபித்த நம்பர்.

வீடு அமைதியாகிவிட்டது. சிவப்பு இல்லை, காலை விசாரணை இல்லை. மகன் மாதம் ஒரு தடவை கூப்பிட்டால் உண்டு. "சூப்பர்ம்மா, இப்படியே இரு" என்பான், வைத்துவிடுவான். நானும் சந்தோஷமாக இருந்தேன். பார்த்தீர்களா ஆண்டவருடைய கிருபை என்று ஜெபக்குழுவில் சாட்சிகூடச் சொன்னேன்.

பிப்ரவரியில் புதுச் செருப்பு ஒன்று வாங்கினேன். இடது கால் சுண்டுவிரலில் சின்னதாக ஒரு கொப்புளம். காலையில் போன் கேட்கிறது, புண் உண்டா? ஆம் என்று அமுக்கினால் சிவப்பு. இல்லை என்று அமுக்கினேன். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டேன். கொப்புளம் உடைந்தது, கறுத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வலி என்பதே கிடையாது. ஒரு பொட்டு வலி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்றுதானே நினைக்க வேண்டும்? நினைத்தேன். கொஞ்சம் வாடை வந்தது. பஞ்சு வைத்து, கிங்ஸ்லியின் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ. இறங்கினது யார் என்கிறீர்கள், இந்த டாக்டரம்மா. வெள்ளைக் கோட்டு இல்லை. தோளில் லேப்டாப் பை. தனியாக.

எந்த டாக்டர் இந்தக் காலத்தில் கூப்பிடாமல் வீட்டுக்கு வருகிறார்? நீங்களே சொல்லுங்கள். மகன் அனுப்பின ஆள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். "கிங்ஸ்லி அனுப்பினானா?"

"இல்லம்மா. கிங்ஸ்லி சாருக்கு நான் வந்ததே தெரியாது. உள்ள வரலாமா?"

தெரியாதாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? ஆனாலும் வீட்டு வாசலில் நிற்கிறவரை உள்ளே வராதே என்று சொல்லி நான் வளரவில்லை. உட்காரச் சொல்லி, சீனி போடாமல் காபி கொடுத்தேன். அவர் குடிக்கிறாரா, சுற்றுமுற்றும் பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு படம். கோடு ஒன்று சரிவாக ஏறிக்கொண்டே போகிறது, சட்டென்று கீழே விழுகிறது, திரும்ப ஏறுகிறது, திரும்ப விழுகிறது. தச்சாசாரி கையில் இருக்கிற ரம்பத்தின் பல் மாதிரி. மூன்று பல்.

"இது உங்க சுகர்ம்மா, அஞ்சு மாசத்துக்கு. பச்சையா இருந்ததால எங்க மிஷின் ஒண்ணும் சொல்லல. நான்தான் நேத்து சும்மா எல்லார் பேரையும் ஒவ்வொண்ணாத் திறந்து பாத்துக்கிட்டிருந்தேன். மனுஷ உடம்பு இப்படிப் போகாதும்மா."

"ஆண்டவருடைய உடம்பு டாக்டர். அவர் நடத்துகிறபடி நடக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. திரையில் விரலை வைத்துக்கொண்டே சொல்கிறார். "தினம் ஒண்ணு ஒண்ணா ஏறுது. நூத்தம்பது வந்ததும் நூத்தி ஒண்ணுக்குப் போகுது. இது என்னன்னு எனக்குப் புரியல. ஆனா இதவிடப் புரியாதது ஒண்ணு இருக்கு. இந்த நூத்திப் பத்தொம்பது. இங்க மட்டும் ஒவ்வொரு சுத்துலயும் மூணு நாள் நிக்குது. ஏம்மா?"

"ஒரு நாளில் எப்படி டாக்டர் முடியும்? பதினோரு வருஷத்துச் சண்டை. அண்ணன் வீட்டுக்கு ஒரு நாள், தம்பி வீட்டுக்கு ஒரு நாள், கல்லறைக் கல்லுக்கு ஒரு நாளாவது வேண்டாமா?"

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எப்படிக் கேள்வி போடுகிறார் பார்த்தீர்களா? போலீஸ்காரன் தோற்றுவிடுவான். ஏன் பொய் நம்பர் போட்டாய் என்று கேட்டிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா நான்?

பிறகு மறைத்து என்ன பிரயோஜனம். நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. நான் கையில் வைத்திருக்கத் தூரத்திலிருந்தே அட்டையை மட்டும் பார்த்தார். "இதெல்லாம் அந்த வீட்டுக்காரங்களே உங்ககிட்ட வந்து சொல்றாங்களா?"

"பின்னே? என்னிடம் சொன்னால் அவர்கள் வீட்டுக்காரர் காதுக்கோ மாமியார் காதுக்கோ போகாது என்று தெரியும். அதனால் சொல்கிறார்கள்."

அதைக் கேட்டதும் அவர் லேப்டாப்பில் அந்த ‘குடும்பம்’ என்கிற இடத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போயிற்று. என்ன கணக்குப் போடுகிறாரோ. நோட்டை மெதுவாகத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

அப்புறம் அவர் கண் கீழே போனது.

"ஏப்ரல் வெயில்ல வீட்டுக்குள்ள சாக்ஸ் போட்டிருக்கீங்களேம்மா."

"சும்மாதான். குளிர்."

"குளிரா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு படித்தவர், சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சாக்ஸை உருவினார். வாடை அடித்திருக்கும். முகத்தைச் சுளிக்கவில்லை. பெரிய வியாழன் அன்றைக்குப் போதகர் ஐயா பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார், அதுகூட முந்தின நாளே கழுவிக்கொண்டு போகிற கால்தான். இந்த அம்மா அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வலிக்குதாம்மா? இங்க? இங்க தொடுறது தெரியுதா?" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. இவ்வளவு பணிவு எதற்கு, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்கிற பயத்தில்.

"வலியே இல்லை டாக்டர். ஆண்டவர் வலியை எடுத்துப் போட்டார்" என்றேன்.

அவர் எழுந்தார். வந்த ஆட்டோவைப் போகவிடவில்லை போல, வெளியேதான் நின்றது. அதிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு மிஷினில் பார்த்தபோது முந்நூற்று நாற்பது என்றார்கள். இரண்டாம் நாள் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் காலே போயிருக்கும் என்று அறுத்த டாக்டர் சொன்னார். அப்படித்தானே சொல்வார்கள். நான் கேட்கிறேன், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த விரல் என்னோடுதான் இருந்தது, ஒரு வலி இல்லை, ஒரு தொந்தரவு இல்லை. இந்த அம்மா வீட்டுக்கு வந்து இரண்டே நாளில் விரல் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் போய் மகன் காரில் வந்தான். அவன் அறைக்குள் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது, வீட்டைப் பூட்டப்போகிறான் என்று நினைத்தேன். ஐம்பது வீட்டின் பேரையும் மனசுக்குள் ஒரு தடவை சொன்னேன், கடைசித் தடவை மாதிரி. அவன் என் காலைப் பார்த்தான். டாக்டரம்மா வந்து, "சார், ஒரு நிமிஷம்" என்று அவனை அந்தக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார்.

ஒரு நிமிஷமா? அரை மணி நேரம். நான் நர்ஸ் பிள்ளையிடம் சொல்லி என் சக்கர நாற்காலியை நேர் எதிரே திருப்பி வைக்கச் சொன்னேன். கண்ணாடி அல்லவா, பார்க்கலாம், கேட்காது. அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறார். அந்த ரம்பத்தைத்தான் காட்டியிருப்பார். ஏதோ சொல்கிறார். இவன் ஏதோ எதிர்த்துப் பேசுகிறான், கையை ஆட்டுகிறான். அவர் திரும்பவும் மெதுவாகச் சொல்கிறார். அப்புறம் பார்த்தால் என் மகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறான். நாற்பத்திரண்டு வயதுப் பிள்ளை. அவங்க அப்பா பெட்டியைக் குழியில் இறக்கும்போதுகூட அப்படி உட்கார்ந்தவன் இல்லை.

வெளியே வந்தான். என் பக்கத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்தான். நான் எதற்கும் தயாராக இருந்தேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா?

"எம்மா, அந்த நூத்திப் பத்தொம்பதாம் வீட்டுல பேசிட்டாங்களா?"

"இல்ல மக்கா. இன்னும் இல்ல" என்றேன்.

"சரி" என்றான். அவ்வளவுதான். நாலு நாள் கூட இருந்தான், கட்டு மாற்றும்போது விளக்கு பிடித்தான், வீட்டுக்குள் நான் நடக்கச் சுவரில் கைப்பிடி அடித்துக் கொடுத்தான், தனியாகச் சென்னைக்குப் போய்விட்டான். பதினோராவது மாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது இரண்டு நாளைக்கு ஒரு தடவை சாயங்காலம் கூப்பிடுகிறான். சுகரைப் பற்றிக் கேட்பதே இல்லை. "இன்னைக்கு எந்த வீடும்மா?" என்று கேட்கிறான். பெற்ற பிள்ளையை அரை மணி நேரத்தில் இப்படி மாற்றுகிறது என்றால் அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார்? இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். "அது கிங்ஸ்லி சார்கிட்ட பேசினதும்மா, அவர்தான் உங்ககிட்ட சொல்லணும்" என்கிறார். எவ்வளவு அழுத்தம் பாருங்கள்.

இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குப் போய் போனைப் பார்த்தால் ‘குடும்பம்’ என்கிற இடம் வெறுமையாக இருக்கிறது. மகன் பேர் இல்லை, மகள் பேர் இல்லை. ‘பார்ப்பவர்: டாக்டர் நஸீமா’ என்று மட்டும் இருக்கிறது. எனக்கு எப்படி இருக்கும்? பிள்ளைகளை எடுத்துவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்துகொண்டாரே என்று அடுத்த தடவை கட்டு மாற்ற வந்தபோது நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கே உங்கள நான் கேட்டிருக்கணும்மா. கேக்காம விட்டது என் தப்பு. உங்க நம்பர் உங்களோடது. யாருக்குக் காட்டணும்னு நீங்க சொன்னா அவங்க பேரப் போடுறேன். வேண்டாம்னா, என் பேரையும் எடுத்துருவேன்."

இவ்வளவு பெரிய டாக்டர் ஒரு எட்டாம் வகுப்புப் படித்தவளிடம் என் தப்பு என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எடுக்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். எடுக்கச் சொன்னால் வேறு எந்த வழியில் பார்ப்பாரோ. இது என்றால் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

இப்போது தினமும் குத்தித்தான் போடுகிறேன். இன்று காலை நூற்றுத் தொண்ணூற்றாறு. நேற்று இருநூற்று ஐந்து, ஒரு மாம்பழம் சாப்பிட்டேன், அதையும் போட்டேன். மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? இனி அந்த நம்பர் சென்னைக்குப் போகப்போவதில்லையே. அந்த அம்மா என்னைப் பேசவைக்க என்னென்னவோ செய்து பார்த்தார், கடைசியில் ஒன்றும் பலிக்கவில்லை. நானாக மனசு வந்துதான் உள்ளதைப் போடுகிறேன்.

என்னது? நான் இன்று கட்டு மாற்ற வந்தேனா? இல்லை தங்கச்சி, கட்டு வெள்ளிக்கிழமை மாற்றியாயிற்று. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டரம்மா ஏற்பாடு. ஆட்டோ அனுப்பிவிடுகிறார். "புதுசா சேருறவங்க பக்கத்துல சும்மா உக்காந்து பேசிக்கிட்டிருங்கம்மா, போதும். என்கிட்ட சொல்லாதத உங்ககிட்ட சொல்வாங்க. என்ன சொன்னாங்கன்னு நீங்க எங்கிட்ட சொல்லவும் வேண்டாம். அவங்க மனசுல இருக்குறது வாய்வழியா ஒரு தடவ வெளிய வந்தாலே போதும், அப்புறம் சரியான நம்பர அவங்களே போடுவாங்க" என்றார். ஆள் வைத்து வேவு பார்க்கிற வேலை இது, எனக்குத் தெரியாதா? வேறு யாராவது இந்த இடத்தில் உட்கார்ந்தால் உங்களை மாதிரிப் பெண்களின் கதி என்ன என்று யோசித்துத்தான் ஒத்துக்கொண்டேன். எச்சரிக்கை சொல்லவாவது ஒரு ஆள் வேண்டும் இல்லையா. உங்களுக்கு முன்னால் பதினேழு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதினேழு பேரும் அழுதார்கள். பாவம், எல்லாரும் ஆப்பைப் போட்டுக்கொண்டுதான் போனார்கள். அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களா? காட்டுங்கள். ஆமாம், இது புதிதாக வைத்திருக்கிறார், என் காலத்தில் இல்லை. ‘உங்கள் அளவை யார் பார்க்கலாம்?’ அவசரப்பட்டுப் பேர் போடாதீர்கள். வெறுமையாக விட்டாலும் ஆப் வேலை செய்யும்.

உங்கள் கூட வந்த பெண் யார், மருமகளா? சீட்டு வாங்கப் போயிருக்கிறாளா? அங்கே வரிசை நீளம், நான் பார்த்தேன். வர இன்னும் கால் மணி நேரம் ஆகும்.

அதற்குள் சொல்லுங்கள் தங்கச்சி. வீட்டில் யாருக்குப் பயந்துகொண்டு இருக்கிறீர்கள்?